நாலு விரற்கடை

ஒன்றரை ஷிப்டு குழுவின் பாட்டைக் கேட்டு முதன்முதலாகத் தரையை விட்டு உயர்ந்தது யார் என்று திருப்பூரில் எந்த டீக்கடையில் கேட்டாலும் செக்கிங் ரங்கமணி என்றுதான் சொல்வார்கள்; அன்றைக்கு அவள் பக்கத்தில் நின்றிருந்த டெய்லர் செல்வராணி, தானும் அதே நொடியில்தான் உயர்ந்ததாகவும், சேலைக் கரை தரையை மறைத்ததால் யாரும் கவனிக்கவில்லை என்றும் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு அவளும் அந்தப் பெருமையை ரங்கமணிக்கே விட்டுக்கொடுத்துவிட்டாள்.

குழுவில் மூன்று பேர். பாட்டு எழுதிப் பாடுகிறவன் மருதாசலம், பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். காலியான சாய டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு கையாலும் அடிக்கிறவள் பாத்திமுத்து, சாயப்பட்டறையில் வேலை பார்த்து எந்த நாளும் முழங்கை வரைக்கும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கிறவள். கிடார் வாசிக்கிற கிறிஸ்துதாஸ் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து துணி வெட்டும் மேசையில் நின்றவன். மூன்று பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை. மற்ற ஆறு நாளும் காலை எட்டரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு எட்டரைக்குத்தான் உட்கார முடியும். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஊரில் ஒன்றரை ஷிப்டு என்று பெயர். அதையே குழுவுக்கும் வைத்துக்கொண்டார்கள்.

ரங்கமணிக்கு அப்போது முப்பத்தாறு வயது. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவளுடைய இடது காலைச் சூம்பவைத்து, வலது காலைவிட மூன்று விரற்கடை குட்டையாக்கிவிட்டிருந்தது. தொடை வரைக்கும் இரண்டு இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த பூட்சை மாட்டிக்கொண்டு அவள் நடந்து வந்தால் அவள் குடியிருந்த லைன் வீட்டு வரிசையின் கடைசி அறைவரைக்கும் சத்தம் கேட்கும். கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி யாராவது கேட்டால், உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்ததே பெரிய காரியம் என்று வேறு பதிலைச் சொல்வாள். தைத்து வரும் பனியனை விரித்துப் போட்டு ஓட்டையும் கறையும் தேடுகிற செக்கிங் வேலை, அவளுக்கு அது பதினேழாவது வருஷம்.

மருதாசலம் அதே கம்பெனியில்தான் இருந்தான். புதுப்பாட்டு எழுதினால் மதியச் சோற்று நேரத்தில் அவள் மேசைக்கு வந்து, தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு, மெல்லப் பாடிக் காட்டுவான்; துணியில் ஓட்டை தேடிப் பழகிய கண்ணைப் போலவே அவளுடைய காதும் பாட்டில் ஓட்டை தேடும். "நின்னது போதும் பாதமே, மண்ணைக் கொஞ்சம் விட்டுரு" என்று அவன் எழுதிக்கொண்டு வந்த நாளில் அவள் சோற்றுக் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"மண்ணுல எங்க சாமி நிக்கறோம் நாம? சிமிட்டித் தரையிலதான நிக்கறோம். நெலம்னு வையி. எல்லாத்துக்கும் பொருந்தும்."

அவன் நெலம் என்று வைத்தான்.

அது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி. மூடிக் கிடந்த ஒரு சாயப்பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் அறுபது எழுபது பேர் கூடியிருந்தார்கள். பாத்திமுத்து டிரம்மை அடிக்க, மருதாசலம் அந்த வரியை மூன்றாவது முறை பாடும்போது ரங்கமணிக்குத் தன் இடது காலில் பூட்சு தொங்குவதுபோல இருந்தது. குனிந்து பார்த்தால் வலது செருப்புக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரற்கடை வெளிச்சம் தெரிந்தது, அதன் வழியாக ஒரு வேஸ்ட் துணி நாடா காற்றில் உருண்டு அந்தப் பக்கம் போனது. இரண்டு காலும் தரையைத் தொடாதபோது எது குட்டை, எது நெட்டை என்று கேட்க யாருமில்லை. முப்பத்துநான்கு வருஷமாக இடப்பக்கம் கொஞ்சம் சரிந்தே தெரிந்த உலகம், பட்டறையின் உடைந்த புகைபோக்கியும் அதற்கு மேலே இருந்த மேகமும் உட்பட, நேராக எழுந்து நின்றது. சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் உயர்ந்திருந்தார்கள்.

"ஏக்கா," என்றாள் செல்வராணி, "கால் வலி நின்னுருச்சு."

தேனிப் பக்கத்துக்காரியான செல்வராணி அதைத்தான் முதலில் சொன்னாள். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்குப் போனார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர் வந்தார்கள், அதற்கடுத்த ஞாயிறு எண்ணூறு பேர். ஊர் அதைக் கரண்ட் போகிற நேரத்தைப் பழகிக்கொண்டதுபோலப் பழகிக்கொண்டது. முதலில் செருப்புகளைத்தான் ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது, ஏனென்றால் உயர்ந்த காலிலிருந்து தளர்ந்த செருப்புகள் தாமாகவே கழன்று விழுந்து, பாட்டு முடிந்து இறங்கியவர்கள் அடுத்தவர் செருப்பில் இறங்கி, அதனால் இரண்டு சண்டையும் ஒரு கல்யாணமும் நடந்தன. கைக்குழந்தைகள் எடை குறைவு என்பதால் கூடுதலாக உயர்ந்துவிடுமோ என்று பயந்த தாய்மார்கள் வேஸ்ட் துணியைக் கிழித்துப் பிள்ளைகளின் இடுப்பைத் தங்கள் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டார்கள். ஆனால் குழந்தையானாலும், அரிசி மண்டி முதலாளியானாலும், உயரம் நாலு விரற்கடைதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு டாக்டர் வந்து பார்த்து, தானும் உயர்ந்து, ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். போலீஸ்காரர்கள் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து நிறுத்தக் கயிறு கட்டினார்கள், பாட்டு ஆரம்பித்ததும் கயிற்றைப் பிடித்தபடியே அவர்களும் மேலே போனார்கள். இடத்துக்குச் சொந்தக்காரர் தரைவாடகை கேட்டு வந்தபோது, உங்கள் தரையில் யாரும் நிற்கவில்லையே என்று கிறிஸ்துதாஸ் சொன்னான். அவர் குனிந்து பார்த்தார், யோசித்தார், அவன் சொன்னதில் தப்பு எதுவும் தெரியாமல் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஏன் உயர்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. ஆறு நாள் நின்றவர்களுக்கு ஏழாவது நாள் அது கிடைப்பது நியாயம் என்றே எல்லோருக்கும் பட்டது.

ரங்கமணி அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகவே மற்ற நாட்களை வைத்துக்கொண்டாள். பூட்சைக் கழற்றித் தன் மூன்று சக்கர ஸ்கூட்டரின் கூடையில் போட்டுவிட்டு, செல்வராணியின் தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் போய் நிற்பாள். டிரம் சத்தம் ஏற ஏற, தோளிலிருந்து கையை எடுத்துவிடுவாள். பிறகு ஆடுவாள். ஆடத் தெரியாது, யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை, ஆனால் ஆடினாள். தாவணி போட வேண்டிய வயதில் சுவரைப் பிடித்து நின்றவள், நாற்பதை நெருங்கும்போது, எண்ணூறு பேர் நடுவில், எதையும் பிடிக்காமல் சுற்றிச் சுற்றி வந்தாள். மருதாசலம் மேடை என்று போட்டிருந்த மரப்பெட்டிகளுக்கு மேலே நாலு விரற்கடை உயரத்தில் நின்று பாடிக்கொண்டே அவளைப் பார்ப்பான், அவள் ஆடி ஓய்கிற வரைக்கும் பாட்டை முடிக்க மாட்டான். இப்படி மூன்று வருஷம்.

மூன்றாம் வருஷக் கடைசியில் யாரோ எடுத்த வீடியோ ஊர் ஊராகப் போய், சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. மருதாசலம் காகிதங்களை எடுத்துக்கொண்டு நேராக ரங்கமணியிடம்தான் வந்தான்.

"என்னக்கா செய்யட்டும்? பெரிய மேடையெல்லாம் போட்டுத் தருவாங்களாம். அயர்ன் பெட்டியத் தொடவே வேண்டாங்கறாங்க."

அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. "போ சாமி. உன்ற காலும் எத்தன வருசந்தான் நிக்கும்? ஊரெல்லாம் போய்ப் பாடு. அல்லாரும் எந்திரிக்கட்டும்."

அவள் மனதாரச் சொன்ன வார்த்தை அது. பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முதலில் பேர் போனது. ஒன்றரை ஷிப்டு என்றால் வெளியூரில் யாருக்கும் புரியாது என்று ஒன் பாயிண்ட் ஃபைவ் என்று மாற்றினார்கள். பிறகு பாட்டுகளில் அயர்ன் பெட்டியும் சிமிட்டித் தரையும் போய், அந்த இடங்களில் கண்ணும் நிலாவும் வந்தன. பிறகு டிரம் போனது. சாய டிரம்மின் சத்தம் மைக்கில் கரகரவென்று விழுகிறது என்று கம்பெனிக்காரர்கள் ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதை எப்படித் தட்டுவது என்று பாத்திமுத்துவுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் போட்டார்கள், நாலு நாள் கற்றுக்கொண்டவள் ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ரங்கமணி பார்க்கப் போனபோது அவள் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"டிரம்ம என்ன பண்ணுன பாத்திமுத்து?"

"தண்ணி புடிச்சு வச்சிருக்கேன்க்கா. ரெண்டு நாளைக்கு வருது."

முழங்கை வரைக்கும் எந்த நிறமும் இல்லாமல் அவளுடைய கைகள் வெளுத்துக் கிடந்தன. ரங்கமணிக்கு அவை யாருடைய கைகளோ போலத் தெரிந்தன. ஆனாலும் மருதாசலத்தின் மேல் அவளால் கோபப்பட முடியவில்லை. பெரிய ஊருக்குப் போனவன் நாலு இடம் வளைந்துதான் போக வேண்டியிருக்கும் என்று பாத்திமுத்துவிடமும் சொல்லி, தன்னிடமும் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த நிகழ்ச்சி கல்யாண மண்டபத்தில் நடந்தது. ரங்கமணி உயர்ந்தாள், ஆனால் இறங்கியபிறகு ஏதோ பாதியில் எழுப்பிவிட்ட தூக்கம்போல இருந்தது. குனிந்து அளந்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை. அதற்கடுத்த முறை இரண்டு விரற்கடைதான் என்று கண்ணுக்கே தெரிந்தது. அதற்கடுத்த முறை ஒரு நூல் போகிற அளவு. அதற்கடுத்த முறை, பாட்டு முழுவதும் பூட்சைக் கழற்றிவிட்டுச் செல்வராணியின் தோளைப் பிடித்தபடி அவள் காத்துக்கொண்டே நின்றாள், கையை எடுக்கிற நேரம் வரவே இல்லை. சுற்றிலும் பார்த்தால் எல்லோரும் உயர்ந்துதான் இருந்தார்கள், தலைகள் எல்லாம் அவளுடைய தலைக்கு மேலே தெரிந்தன.

தனக்கு மட்டும்தான் நின்றுவிட்டது என்று நினைத்தாள். ஒன்றரை வருஷம் அதை யாரிடமும் சொல்லவில்லை. கோயிலுக்குப் போனாள், சனிக்கிழமை விரதம் இருந்தாள், மருதாசலத்தைப் பற்றி மனதில் ஒரு குறை நினைத்ததால்தான் இப்படி ஆனதோ என்று அந்தக் குறையைப் பிடுங்கி எறியப் பார்த்தாள். புதுப்பாட்டுகளைச் செல்போனில் திரும்பத் திரும்பக் கேட்டு, அவை பிடித்திருப்பதாகத் தன்னைப் பழக்கினாள். அந்தப் பழைய பாட்டையே ஒரு ஷூ கம்பெனி வாங்கி, வரியைத் திருப்பி, "நின்னு காட்டு பாதமே, நெலம் உன்னோடதே" என்று டிவியில் போட்டபோதுகூட, ராகம் அதேதானே என்று சொல்லிக்கொண்டாள்.

குழு சொந்த ஊருக்குத் திரும்பி வந்து பெரிய மைதானத்தில் பாடப்போகிறது என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டிய வாரத்தில்தான் அவள் உடைந்தாள். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது செல்வராணியிடம் சொன்னாள்.

"ராணி, நான் வரல. எனக்கு மட்டும் ஆகமாட்டேங்குது. அல்லாரும் மேல இருக்கீங்க, நான் மட்டும் கீழ நிக்கறேன். என்னமோ பாவம் பண்ணிப்போட்டேன்னு நினைக்கறேன்."

செல்வராணி சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு அவளை வரிசையிலிருந்து இழுத்துக்கொண்டுபோய் சுவர் ஓரமாக நிறுத்தி, சேலையைக் கணுக்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினாள். குதிகாலைத் தூக்கி, கால் விரல்களை ஊன்றி நின்றாள். நாலு விரற்கடை உயரம் சரியாக வந்தது.

"இப்பிடித்தாங்க்கா நிக்கிறோம்."

"யாரு?"

"எல்லாரும். ஒன்றரை வருசமா." அவள் அழுதாள். "மொதல்ல எனக்கு மட்டும்தான் ஆகலைன்னு நெனச்சு வெக்கப்பட்டு விரல ஊனுனேன். அந்தப் பக்கம் பார்த்தா ஒருத்தி, அவளும் ஊனிக்கிட்டு நிக்கிறா. நான் பார்த்தத அவ பார்த்தா. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. அப்புறம் அப்பிடியே பழகிருச்சு."

பழகித்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் ரங்கமணிக்குக் கண் திறந்ததுபோல எல்லாம் தெரிந்தது: மருந்துக் கடைகளில் கால் விரலுக்குத் தடவுகிற களிம்பு தனியாக அடுக்கியிருந்ததும், பெண்கள் அடுப்படியில் குதிகாலைத் தூக்கி நின்று தோசை வார்த்துப் பழகியதும், முன்வரிசைக்காரர்கள் அதிக நேரம் நிற்க வேண்டும் என்பதால் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருந்ததும், பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் அதற்கென்றே காலையில் பயிற்சி கொடுத்ததும். அத்தனை பேருக்கும் தெரியும். தெரியும் என்று ஒருவர் சொல்லிவிட்டால், நடந்து முடிந்த மூன்று வருஷமும் பொய் என்று ஆகிவிடுமோ என்று அத்தனை பேருக்கும் பயம்.

"நீங்களும் வாங்கக்கா. வலது கால் விரல ஊனி, என் தோளப் பிடிச்சுக்கிட்டா..."

"இந்தக் காலு?" என்றாள் ரங்கமணி.

செல்வராணி இரும்புக் கம்பிகளைப் பார்த்தாள்.

இருந்தும் அவள் போனாள். மருதாசலம் மேடையில் நின்று பாடுவதைக் கண்ணால் பார்த்தால் ஒருவேளை என்று ஒரு ஆசை அவளை இழுத்துக்கொண்டு போனது. மைதானத்தில் தங்க வரிசை, வெள்ளி வரிசை என்று பிரித்திருந்தார்கள். எங்கு பார்த்தாலும் ஷூ கம்பெனியின் பலூன். வெயில் இன்னும் இருக்கும்போதே நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது. மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய திரை, அதில் கூட்டத்தின் கால்களை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்கள். மருதாசலம் வெள்ளை உடையில் வந்தான், உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. கிறிஸ்துதாஸ் ஓரத்தில் யாரையும் பார்க்காமல் நின்றான்.

"திருப்பூரே, மேல வா!" என்று மருதாசலம் கத்தினான். ஏழாயிரம் பேர் குதிகாலைத் தூக்கினார்கள்.

ரங்கமணி தூக்கவில்லை. அவள் இரண்டு காலையும் இருந்தபடியே வைத்துக்கொண்டு, சரிந்து நின்றாள். கேமரா வரிசை வரிசையாகக் கால்களைக் காட்டிக்கொண்டே வந்து, தரையோடு தரையாக இருந்த ஒரு பூட்சில் வந்து நின்றது. இரண்டு திரையிலும் அந்தப் பூட்சு, அதன் கம்பி, துருப்பிடித்த கொக்கி, வெடித்த தோல் வார், ஒரு ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. யாரோ சிரித்தார்கள். யாரோ ச்சு கொட்டினார்கள். கேமரா மேலே ஏறி அவள் முகத்துக்கு வந்தது.

மருதாசலம் பாட்டை நிறுத்தினான். "அக்கா!" என்றான் மைக்கில், குரல் நிஜமாகவே தழுதழுத்தது. "ஏனுங்க, இது எங்க ரங்கமணியக்கா! முதமுதல்ல பறந்ததே இவங்கதான்! அக்கா ஏன் கீழ நிக்கறாங்க? அக்காவத் தூக்குங்க! நம்ம அக்காவ மேல தூக்குங்க!"

சுற்றியிருந்த ஆண்கள் ஓடி வந்தார்கள். கையையும் இடுப்பையும் பிடித்து, சூம்பிய காலையும் பிடித்து, அவளைத் தலைக்கு மேலே தூக்கினார்கள். கை மாறிக் கை மாறி அவள் மேடையை நோக்கிப் போனாள். "இறக்கி உடுங்க," என்றாள். "சாமி, இறக்கி உடுங்க, கம்பி குத்துது." கூட்டம் விசிலடித்தது. செல்வராணி பின்னாலேயே, "விடுங்கய்யா! பாவம்யா அவங்க!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள், அவள் ஓடியபோது அவளுடைய குதிகால் தரையில் பட்டதை யாரும் பார்க்கவில்லை. எங்கேயோ நடுவில் பூட்சின் வார் அறுந்து, பூட்சு கழன்று கூட்டத்துக்குள் விழுந்தது. திரையில் அவளுடைய முகத்தைக் காட்டினார்கள். அவள் அழுவதை ஆனந்தக் கண்ணீர் என்று அறிவிப்பாளர் சொன்னார்.

மறுநாள் பதினோரு மணிக்கு மருதாசலம் லைன் வீட்டுக்கு வந்தான். காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, கையில் ஒரு அட்டைப்பெட்டியும் சில காகிதங்களுமாக, பழைய நாளில் வருகிறவன்போலவே வாசலில் நின்று, "அக்கா," என்றான். ரங்கமணி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பூட்சு இல்லாததால் வேலைக்குப் போகவில்லை.

"வா சாமி. உள்ள வா."

அவன் தரையில் உட்கார்ந்தான். பெட்டியைத் திறந்து ஒரு ஜோடி ஷூ எடுத்து வைத்தான். இடது ஷூவின் அடி மூன்று விரற்கடை கனமாக இருந்தது; உள்ளே கணுக்காலைத் தாங்குகிற மாதிரி ஏதோ மெத்தென்று வைத்திருந்தார்கள், அதோடு முழங்கால் வரைக்கும் வருகிற இலேசான பட்டை ஒன்று.

"ஷூ கம்பெனிக்காரங்க உங்களுக்குன்னே செஞ்சதுங்கக்கா. உங்க பூட்ச எடுத்துட்டுப் போய் அளவு பார்த்து, ஒரே ராத்திரில."

"அந்தக் காகிதம் என்னது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நேத்து எடுத்த வீடியோவ விளம்பரத்துல போடணும்ங்கறாங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாத்தான்..."

அவள் ஷூவைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். "மருதாசலம், நீ மேல போறியா?"

கேட்டவுடனே அவன் முகம் கோணிக்கொண்டது. காலுறைகளைக் கழற்றிக் காட்டினான். பத்து விரலிலும் தழும்பும் காய்ப்பும், இரண்டு கட்டைவிரலிலும் பிளாஸ்திரி.

"ரெண்டு வருசமாச்சுங்கக்கா. கட்டிங் மேசையில நின்னப்பகூட கிறிஸ்துதாசுக்கு இப்பிடி வலிச்சதில்லையாம்."

"இங்க பாடு," என்றாள் அவள். "மைக்கு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எனக்கு மட்டும் பாடு."

அவன் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினான். முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவது வரியில் புது வார்த்தை வந்து விழுந்தது, நிறுத்தினான், மறுபடியும் தொடங்கினான், மறுபடியும் அதே புது வார்த்தை. பழையது அவனுக்கு மறந்துபோயிருந்தது. அவள் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அவன் வாங்கி வாங்கிப் பாடினான். கட்டில் விளிம்பில் தொங்கிய தன் வெறுங்காலை அவளும், தரையில் சம்மணமிட்ட தன் முழங்காலை அவனும் பார்த்துக்கொண்டே, கடைசி வரி வரைக்கும் வந்தார்கள். குரல் அதே குரல்தான். ராகம், வார்த்தை எல்லாம் அதேதான். பாட்டு முடிந்தபிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பக்கத்து அறையில் குக்கர் விசில் அடித்தது.

"எனக்கும் ஒண்ணும் ஆகல சாமி," என்றாள் ரங்கமணி மெதுவாக. "உன்ற தப்பு மட்டும்னு நினைச்சுக்காத. எனக்கும் உள்ள ஒண்ணும் எந்திரிக்கல."

அவன் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அவள் குனிந்து அவன் தலையில் கை வைத்தாள். அவன் மேல் கோபம் வர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவனுடைய பிளாஸ்திரி போட்ட விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க போடோணும்?" என்று பேனாவை வாங்கினாள்.

புதன்கிழமை அவள் வேலைக்குப் போனாள். வேறு பூட்சு இல்லாததால் அந்த ஷூவைத்தான் போட்டுக்கொண்டு போனாள். அது பொருந்தியது. எங்கேயும் கடிக்கவில்லை, குத்தவில்லை, இடுப்பு சரியவில்லை. வீட்டிலிருந்து ஸ்கூட்டருக்கும், ஸ்கூட்டரிலிருந்து கம்பெனி வாசலுக்கும் அவள் நேராக நடந்தாள், சத்தமே இல்லாமல். லைன் வீட்டுப் பெண்கள் வெளியே வந்து பார்த்து, "நடை நேராயிருச்சே ரங்கமணி!" என்று கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள். வாட்ச்மேன் எழுந்து நின்றார். "ஆமாங்க, நல்ல ஷூவுங்க," என்று எல்லோரிடமும் சொன்னாள். அது உண்மை என்பதுதான் அவளைக் கொன்றது.

பத்தரை மணிக்குக் கம்பெனியின் ஸ்பீக்கரில் பாட்டு வந்தது. வேலை செய்கிறவர்களுக்கு உற்சாகமாக இருக்கும் என்று முதலாளி எல்லா மாடியிலும் ஸ்பீக்கர் வைத்திருந்தார். "நின்னு காட்டு பாதமே" என்று மருதாசலம் பாட, அயர்ன் மேசைகளில் நின்ற முப்பது பேரும், துணி வெட்டுகிற இடத்தில் நின்றவர்களும், பேக்கிங்கில் நின்ற பெண்களும், யாரும் யாரையும் பார்க்காமல், வேலையை நிறுத்தாமல், குதிகாலை மெல்லத் தூக்கினார்கள். பாட்டு முடிகிற வரைக்கும் அப்படியே நின்று தேய்த்தார்கள், வெட்டினார்கள், மடித்தார்கள்.

ரங்கமணி உட்கார்ந்தபடி ஒரு வெள்ளைப் பனியனை விரித்துப் போட்டாள். தோள்பட்டைத் தையல், கழுத்துப் பட்டை, கை மடிப்பு என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள், ஒரு ஓட்டையும் இல்லை. நெஞ்சுப் பக்கம் வரும்போது கண்ணிலிருந்து இரண்டு சொட்டு விழுந்து துணியில் பரவியது. அவள் துடைக்கவில்லை. குறை இருக்கிற இடத்தைக் காட்டுவதற்கு ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை அட்டையிலிருந்து உரித்து, ஈரத்துக்குப் பக்கத்தில், அம்பு அதைக் காட்டும்படி ஒட்டினாள். பிறகு பனியனை மடித்து, கழித்துப் போடுகிற பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.